மதில் மேல் ஆடு

ஆபா,

இன்று காலை மதிலடியில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. சிரிக்காதே. பூங்காவுக்குள்ளே, கல் பதித்த நடைபாதையில், ‘செடிகளைத் தொடாதீர்’ என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே, ஈரம்கூடக் காயாமல் கிடந்தது. என் மகன் சுருட்டிய பட்டுநூல் பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான். “இன்னாம்மா நின்னுட்ட? நேரமாவுது பாரு” என்றான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் குரல்தான் காதில் விழுந்தது. ஆட்டுப் புழுக்கையைப் பார்த்து யாராவது ஒரு மனுஷியை நினைப்பார்களா? நான் நினைத்தேன். நினைத்து, வேலிக்கு வெளியே நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் பார்க்க, அங்கேயே நின்று அழவும் செய்தேன். போதுமா உனக்கு?

நாம் சேர்ந்ததே சண்டையில்தான். அப்போது அது பூங்கா இல்லை. பாதி இடிந்து, செங்கல் துருத்திக்கொண்டு, உச்சியில் புல்லும் அரசங்கன்றும் முளைத்துக் கிடந்த பழைய கோட்டைச் சுவர். யார் கட்டியது என்று கேட்டால் எங்கள் தெருவில் ஒரு ராஜாவைச் சொல்வார்கள், உங்கள் தெருவில் ஒரு நவாபைச் சொல்வார்கள். படை வந்ததாம், யானை வந்து முட்டியதாம். எனக்கு அந்தக் கதையெல்லாம் எதற்கு? எனக்கு வேண்டியது அதன் நிழல். கிழக்கே மதில், அதை ஒட்டி மேற்கே நீளமாகக் கட்டாந்தரை. சூரியன் மதிலைத் தாண்டி எட்டிப் பார்ப்பதற்குள் மணி எட்டாகிவிடும். பட்டுக்குச் சுள்ளென்ற வெயில் ஆகாது. அதனால் விடியும்போதே எங்கள் தெருவே பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடும்.

அன்றைக்கு நான் பாவை இழுத்துக் கட்டி முடித்திருந்தேன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளத்துக்கு நீட்டி, அறுந்த இழையை முடிந்து, கஞ்சித் தண்ணீர் தெளித்து உலர்த்துகிற பட்டிழைகள் அவை என்பது உனக்கும் தெரியாது, உன் ஆட்டுக்கும் தெரியாது. மதில் மேல் நின்றிருந்த உன் வெள்ளாட்டுக்கு என்ன தோன்றியதோ, ஒரே தாவாகத் தாவிப் பாவின் நடுவில் வந்து இறங்கியது. இழைகள் பட்பட்டென்று தெறித்த சத்தம் இன்னும் என் வயிற்றில் இருக்கிறது.

“யாருதுடி இந்த சனியன்?” என்று கத்தினேன்.

நீ மதிலின் இடிந்த பக்கமாகச் சுற்றி ஓடி வந்தாய். மூச்சு வாங்கியது. மன்னிப்புக் கேட்பாய் என்று பார்த்தால், “சனியன்னு சொல்லாதமா. அதுக்குப் பேரு இருக்குது. மோத்தி” என்றாய்.

“பேரு வெச்சி இன்னா? எம் பாவு போச்சே!”

“கத்தாத. உக்காரு. எப்படி முடியணும்னு காட்டு, நான் முடியறேன்.”

அப்படி ஒரு திமிர் உனக்கு. ஆனால் உட்கார்ந்துவிட்டாய். விரல்நுனியில் சாம்பல் தொட்டு, இரண்டு இழைமுனைகளைச் சேர்த்து முறுக்க வேண்டும். நீ முறுக்கியதெல்லாம் அவிழ்ந்தது. கடைசியில் நான் முடிய, நீ இழைகளைப் பிரித்துப் பிரித்து நீட்டினாய். வெயில் வரும் மட்டும் இரண்டு பேரும் அதே வேலையாக இருந்தோம். எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்து, “நாளைலேர்ந்து நீ பாவு சுருட்டற வரைக்கும் ஆட்டைக் கட்டி வெக்கறேன். நிழலு உன்னுது, வெயிலு என்னுது. சரியா?” என்றாய். சரி என்றேன். உங்கள் தெருவில் அக்காவை ஆபா என்பார்களே, அன்றிலிருந்து நானும் உன்னை அப்படியே கூப்பிட்டேன்.

எத்தனை வருஷம் அந்தப் பேச்சு நின்றது! நான் பாவைச் சுருட்டுவேன், நீ கயிற்றை அவிழ்ப்பாய். ஆடுகள் சரசரவென்று மதிலில் ஏறும். நீ தூக்கில் கொண்டுவந்த டீயை மூடியில் ஊற்றித் தருவாய். நோன்பு மாதத்தில் உனக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. ஆனாலும் எனக்கு டீ வந்துவிடும். “உங்க வீட்டுல கஞ்சி வயித்துக்கு, எங்க வீட்டுல கஞ்சி நூலுக்கு” என்று நான் கிண்டல் செய்தால், “நூலுக்கு ஊத்தறதுல பாதி நீ குடிச்சிருந்தா இப்படி ஈர்க்குச்சி மாதிரி இருக்க மாட்ட” என்பாய். அரசங்கன்றை மோத்தி மென்று தின்னும்போது உனக்கு ஒரு பெருமை. “என் ஆடு மட்டும் மேயலன்னா, இந்தக் கன்னெல்லாம் மரமாயி மதிலைப் பொளந்திருக்கும். ராஜா கட்டினது இருக்கட்டும், காப்பாத்தினது யாரு? மோத்தி!” என்பாய். அந்த ஆட்டுக்கு நீ கொடுத்த பட்டம் எந்தத் தளபதிக்கும் கிடைத்திருக்காது.

பிறகு டிராக்டர் வந்தது. யாரோ வீடு கட்ட, யாரோ அடியிலிருந்து செங்கல்லைப் பெயர்த்தார்கள். அடுத்து, மதிலையே நிரவி யாத்திரைக்காரர்களின் பஸ் நிறுத்த இடம் செய்யப்போவதாக ஊரில் பேச்சு. நீ டிராக்டருக்கு முன்னால் உன் மந்தையையே கொண்டுபோய் நிறுத்தினாய். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான். மோத்தி டயரை மோந்து பார்த்தது. “அடிபா, இன்னும் நல்லா அடி. ஆட்டுக்குக் காது கேக்காது, எனக்கும் கேக்காது” என்றாய். நாங்கள் பாவுக்காரர்கள் உன் பின்னால் நின்றோம். உண்மையைச் சொன்னால், உன் பின்னால் ஒளிந்துதான் நின்றோம்.

அதற்கப்புறம் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், அளந்தார்கள். பழமையான மதில், இதைப் பாதுகாக்க வேண்டும் என்றார்கள். நமக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது நாம் இருவரும்தானே ஆபா ஒரே குரலாகக் கேட்டோம்: “நல்லதா ஒரு வேலி போட்டு வுடுங்க சார்.” என் நாக்கில் யார் வந்து உட்கார்ந்தார்களோ, உன் நாக்கிலும் அதே ஆள்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். வேலி என்றால் திருடன் வராமல் இருப்பதற்கு என்று நினைத்துக்கொண்டோம். நம்மையும் சேர்த்து வெளியே வைப்பார்கள் என்று நம் இரண்டு மரமண்டைக்கும் எட்டவில்லை.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. வேலி வந்தது, வாசல் வந்தது, குரோட்டன்ஸ் செடியும் சிமெண்டு பெஞ்சும் வந்தன. மதிலைச் சுத்தம் செய்து, விளக்குப் போட்டு, அழகாகத்தான் வைத்தார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாசல் திறப்பது ஒன்பது மணிக்கு. ஒன்பது மணிக்குப் பாவை விரித்து யாருக்குக் காட்ட? எங்கள் தெருவில் விரித்துப் பார்த்தோம். ஷேர் ஆட்டோக்காரன் ஒருபுறம், பள்ளிக்கூட வேன் ஒருபுறம். “பாட்டிமா, ரோட்டுல இன்னாமா கொடியா கட்டிக்கினு இருக்க?” என்று கேட்டான் பைக்கில் வந்த ஒருவன். அதுவரை என்னை யாரும் பாட்டிமா என்றதில்லை. அந்த வயிற்றெரிச்சலையும் உன்னிடம்தான் வந்து கொட்டினேன்.

உனக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்டேனா? கேட்டேன். “எனக்கின்னா, ஆட்டுக்கு எங்க போனாலும் புல்லு” என்றாய். எங்கே புல்? சாலையோரம் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று உன் குட்டி ஒன்று வயிறு உப்பிச் செத்தது. அதை நீ எனக்குச் சொல்லவில்லை. உன் மகள் சொல்லித்தான் தெரியும்.

பூங்காவைப் பார்வையிடப் பெரிய அதிகாரி வந்த நாள் நினைவிருக்கிறதா? தெருவில் பேசத் தெரிந்த ஆண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். எல்லாரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். முன்னால் போனது நீ. “சார், விடிகாலைல ஒரு ரெண்டு மணி நேரம் கேட்டைத் தொறந்து வுடுங்க. இவங்க பாவு விரிச்சிட்டுப் போயிடுவாங்க. செங்கல்லு மேல ஒரு விரலு படாது” என்றாய். அவர் தலையாட்டி, மதில் மேல் பூனையாக, “பாக்கலாம்மா” என்றார். “வேற ஏதாவது இருக்குதா?” என்றும் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். உன் ஆடுகளைச் சொல்லத்தான் திறந்தேன். முந்தானைக்கு அடியில் நீ என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திய அழுத்து, வளையல் பதிந்துவிட்டது. “வேற ஒண்ணுமில்ல சார்” என்று நீயே சொன்னாய். அவர் கார் ஏறியதும் உன்னைப் பிடித்து உலுக்கினேன்.

“ஏன் ஆபா தடுத்த? உனக்கும் அந்த எடந்தானே?”

“பைத்தியமே, பார்க்குக்குள்ள ஆட்டை வுடுன்னு கேட்டா அந்த ஆளு சிரிச்சிட்டுப் போயிடுவாரு. சிரிப்போட சிரிப்பா உன் பாவும் போயிடும். ஒண்ணு கெடைக்கட்டும் மொதல்ல.”

“அப்புறம் உன்னுதைக் கேப்போமா?”

“கேப்போம், கேப்போம். அதுக்கின்னா அவசரம்? மதிலு எங்க ஓடிடப் போவுது?” என்றாய்.

மதில் ஓடவில்லை, ஆபா. நீதான் ஓடிவிட்டாய்.

ஆடுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தாய். மோத்தியைக் கடைசி வரை வைத்திருந்து ஐயம்பேட்டையில் ஒருவரிடம் விட்டாய். கறிக்குக் கொடுக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கயிற்றைக் கொடுத்தாயாம். ஒரு நாள் ஷேர் ஆட்டோ பிடித்து அதைப் பார்க்கப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாய். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே, “என்னைத் தெரியாத மாதிரி நிக்குதுடி” என்றாய். டிராக்டருக்கு அசையாத நீ அன்றைக்கு அழுதாய். நான், “ஆடுதானே ஆபா” என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்து நெஞ்சுச் சளி, மூச்சிரைப்பு, ஆஸ்பத்திரி. கட்டிலில் கிடந்துகொண்டு வீட்டில் யாரையோ விசாரிப்பதுபோல, “மதிலு எப்படி இருக்குது?” என்று கேட்பாய். “மேலெல்லாம் அரசங்கன்னு மொளச்சிருக்குது” என்பேன். “பாத்தியா? நான் சொன்னேன் இல்ல?” என்று இரும இருமச் சிரிப்பாய்.

உன்னை அடக்கம் செய்து, உனக்கு நாற்பதாம் நாள் பாத்தியாவும் ஓதி முடித்தபின்தான் அனுமதி வந்தது. விடிகாலையில் நெசவாளர்களுக்காக வாசலைத் திறப்பார்கள் என்று சொன்னார்கள். தெருவே பட்டாசு வெடிக்காத குறை. நான் செருப்பைக்கூட மாட்டாமல் உன் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் போய் நின்ற பிறகுதான் உறைத்தது, யாரிடம் சொல்ல வந்தேன் என்று. உன் மகள் உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். உன் தூக்கு மூடியில்தான் கொடுத்தாள். குடிக்க முடியவில்லை.

இப்போது தினமும் விரிக்கிறோம். அதே மதில், அதே நிழல். முன்னைவிடச் சுத்தமான தரை. கஞ்சி தெளிக்கும்போது அதே வாசனை. மருமகள்கூட, “இந்த எடம் கெடைச்சது நம்ம அதிர்ஷ்டம் அத்தை” என்கிறாள். அதிர்ஷ்டமாம்! பாவின் முனையை இழுத்துக் கட்டுவதற்கு முன்னால் ஒருதரம் தலையைத் தூக்கி மதில் உச்சியைப் பார்த்துக்கொள்கிறேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்ய, கழுத்து அதுபாட்டுக்கு நிமிர்ந்துவிடுகிறது. “மேல இன்னாம்மா பாக்குற?” என்று மகன் கேட்பான். “வெயிலு எங்க வந்திருக்குதுன்னு பாக்கறேன்” என்று சொல்லி வைப்பேன். உன்னால் வந்த பழக்கம். சாகும்வரை போகாது.

இன்றைக்கும் பார்த்தேன். புழுக்கைக்கு நேர் மேலே, உச்சியில், ஒரு ஆடு நின்றது.

மோத்தி இல்லை. அது வெள்ளை, இது செவலை. எந்தத் தெரு ஆடோ, எந்தச் சந்து வழியாக வேலியைத் தாண்டியதோ. நான்கு காலையும் சேர்த்துவைத்து நின்று, அரசங்கன்றை இழுத்து மென்றுகொண்டிருந்தது. உன் மந்தை மென்ற அதே மெல்லல். மகன் கல்லைத் தேடினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

காவலாளி கம்போடு ஓடி வந்தார். நல்ல மனிதர்தான், வேலைக்குப் பயந்தவர். “யாருதும்மா இந்த ஆடு? உங்க ஆளுங்களுதா? மேல எழுதிப் போட்டாங்கன்னா உங்க பாவுக்கும் சேத்துக் கேட்டைச் சாத்திடுவாங்க, தெரியும் இல்ல?” என்றார்.

மகன் என் முகத்தைப் பார்த்தான். எனக்குத் தெரியாது என்று சொன்னால் போதும், அதுதான் உண்மையும்கூட. அன்றைக்கு நீ அழுத்திய மணிக்கட்டு குறுகுறுத்தது. ஆனால் இன்றைக்கு என்னைப் பிடித்து அழுத்த நீ பக்கத்தில் இல்லையே.

“எங்க ஆபா ஆடுபா அது” என்றேன். “எங்களுக்கு முன்னாடியே இந்த எடம் அதுங்களுது. பெரிய ஆபீசர் வந்தா நானே சொல்றேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கம்பைத் தரையில் ஊன்றி, “சரிமா, இருக்கட்டும். அந்த ஆபாவை வந்து ஓட்டிக்கினு போவச் சொல்லு” என்றார்.

“சொல்றேன்பா” என்றேன்.

சொல்லிவிட்டேன், ஆபா. மதில் மேல் ஆடு நிற்கிறது. நான் பாவைச் சுருட்டிவிட்டேன், வெயிலும் வந்துவிட்டது. வா.