பெட்டிக்காக வைத்த கைநாட்டு

திங்கள், ஜூலை 7, 2003

காலையிலிருந்து தூறல். முதலில் இந்த நோட்டிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். என் எழுத்து கோட்டை விட்டு இறங்கும். சில எழுத்துக்குக் கொம்பு பெரிதாகிவிடும். பொறுத்துக்கொள். அறுபத்தெட்டு வயதில் பிடித்த பேனா. சாயங்கால வகுப்பு டீச்சர் தினம் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

இன்று ஸ்டேஷனில் என் இஸ்திரிப் பெட்டி கிடைத்தது. போலீஸ் எடுத்துப்போய் ஏழு வருஷம் கழித்து. இவன் திருடவில்லை என்று கோர்ட் சொன்ன பிறகு. பித்தளை முழுக்கப் பச்சை பூத்திருக்கிறது. மரப்பிடி பாதி செல்லரித்துவிட்டது. திறந்தால் உள்ளே அன்றைய கரி, சாம்பலோடு. தள்ளுவண்டி இல்லை. மழையில் உளுத்துப்போனதாம்.

ஏட்டு ரிஜிஸ்டரை நீட்டி, மை டப்பாவையும் நகர்த்தினார். நான் பேனா கேட்டேன்.

"ஓ, நீ எழுதுவியா?"

மு. னு. சா. மி. நாலெழுத்தும் வந்துவிட்டது. சந்தோஷம்தான். பஸ் வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

புதன், 9

வெயில். மகள் செல்வி லீவு போட்டு என்னோடு வந்தாள். (இனி செ. என்றே போடுகிறேன். விரல் வலி.) மல்லேஸ்வரத்தில் வக்கீலம்மா ஆபீஸ். இரண்டு பஸ், உட்கார இடமில்லை.

தப்பாகப் பிடித்துப்போனதற்குப் போலீஸ் நஷ்டஈடு தர வேண்டும் என்று மனு. வக்கீலம்மா கன்னடத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லிக் காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத ஆளை அடித்து, அவரால் படிக்க முடியாத வாக்குமூலத்தில் கைநாட்டு வாங்கினார்கள் என்று. நல்ல மனு. குமாஸ்தா மை டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

நான் பெருமையாகச் சொன்னேன், திங்கட்கிழமை ஸ்டேஷனிலேயே கையெழுத்து போட்டேன் என்று.

வக்கீலம்மா பேனாவை மூடிவிட்டார். "அய்யோ தாத்தா, யாக்கே, ஏன் அப்படிப் பண்ணீங்க? இவருக்கு எழுத்து தெரியும், படிச்சுப் பார்த்துதான் ஒப்புக்கிட்டார்னு சொல்லுவாங்களே."

இப்போது ஒரு வருஷமாகத்தானே கற்றுக்கொண்டேன், அதுவும் தமிழ் என்றேன். அது சரி, அதை நாம் நிரூபிக்க வேண்டும் என்றார். அந்த ரிஜிஸ்டரை யார் பார்க்கப்போகிறார்கள், கட்டைவிரலை வைத்துவிட்டுப் போங்கள் என்று குமாஸ்தா முணுமுணுத்தார். வக்கீலம்மா அவரை முறைத்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

திரும்பும்போது செ. இன்னொரு லீவு கேட்க வேண்டுமே என்றாள்.

வியாழன், 10

உடம்பெல்லாம் அசதி. வகுப்புக்குப் போகவில்லை. வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சோப்பு, காது மருந்து.

அடி வாங்கிய இடது காதில் இன்றும் இரைச்சல். துணி வாங்கப்போன வீட்டில் ஒரு செயின் காணவில்லை. அவ்வளவுதான் நடந்தது. செயின் அந்த வீட்டு அரிசி டின்னிலேயே இருந்தது. அந்த வீட்டு அம்மாவே கோர்ட்டில் சொன்னார். அதற்குள் நான் திருடி விற்றுவிட்டேன் என்று வாக்குமூலம் தயார். கீழே என் கைநாட்டு. அப்புறம் எங்கள் ஏரியா ஜோகுபாளையத்தில் யார் எனக்குத் துணி போடுவார்கள்?

வெள்ளி, 11

பஷீர் பாய் டீக்கடையில் என் கேஸ்தான் பேச்சு. பாய் சொன்னார், "போலீஸ்காரன் சம்பளத்துல புடிக்கணும் முனுசாமி. கவர்ன்மெண்ட் குடுத்தா அது நம்ம துட்டுதானே? உன் பாக்கெட்லேர்ந்து எடுத்து உனக்கே குடுக்கறான்." அடித்த இன்ஸ்பெக்டர் ரிட்டயர் ஆகிவிட்டார், நடக்க முடியாமல் இருக்கிறாராம். அவரிடம் என்ன பிடிப்பது? ஆனால் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் நாளைக்கு இன்னொருவனைப் பிடிப்பார்கள். யோசிக்க யோசிக்கத் தலை கனக்கிறது.

சனி, 12

செ.க்கும் எனக்கும் சண்டை.

"ஒரே ஒரு தடவ வெரல வெச்சிட்டு வாப்பா. வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டு கார்மெண்ட்ஸ்ல நான் வாங்காத திட்டு இல்ல. அதுக்கெல்லாம் நஷ்டஈடு யாரு குடுப்பா? உன் கையெழுத்துதான் பெருசா?"

அவள் சொல்வது நியாயம். முறத்தை எடுத்து அரிசி புடைத்தாள். புடைத்தபடியே கேட்டாள், அன்றைக்கு ஏன்தான் வைத்தாய் என்று. ஏழு வருஷத்தில் முதல் முறை.

சொன்னேன். அப்போது எனக்குக் கன்னடம் அரைகுறை. ஏட்டு ஒரு தாளைக் காட்டி "ஹெப்பெட்டு, ஹெப்பெட்டு" என்று கத்தினார். ஹெப்பெட்டு என்றால் கட்டைவிரல். எனக்கு அது தெரியாது. என் காதில் பெட்டி என்று விழுந்தது. இஸ்திரிப் பெட்டியைத் திருப்பித் தரத்தான் தாள் என்று நினைத்தேன். கும்பிட்டுவிட்டு விரலை வைத்தேன். தேங்க்ஸ் சார் என்று கூடச் சொன்னேன்.

செ. முதலில் சிரித்துவிட்டாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"இத்த ஏம்ப்பா யார்ட்டயும் சொல்லல?"

வெட்கம் என்றேன்.

ஞாயிறு, 13

பெட்டியைப் புளி போட்டுத் தேய்த்தேன். பாதி மின்னுகிறது. கரியைக் கொட்ட மனம் வரவில்லை. செ. கொட்டினாள்.

திங்கள், 14

மழை. மறுபடி லீவு, மறுபடி இரண்டு பஸ். செ.தான் வக்கீலம்மாவிடம் பெட்டி விஷயத்தைச் சொன்னாள். குமாஸ்தா குனிந்து சிரித்தார். வக்கீலம்மா சிரிக்கவில்லை. என்னை இரண்டு முறை சொல்லச் சொன்னார். மனுவில் சேர்த்தார். நான் எழுதக் கற்றது எப்போது என்பதையும் சேர்த்தார். வகுப்பு டீச்சர் ஒரு கடிதம் தர வேண்டும். கேஸ் பலமா, பலவீனமா என்று கேட்டேன். "நிஜமா இருக்கு தாத்தா. மிச்சம் ஜட்ஜ் கையில."

குமாஸ்தா பழக்கத்தில் மை டப்பாவைத் திறந்தார். செ. அதை மூடினாள்.

ஒன்பது பக்கம். ஒவ்வொன்றிலும் கையெழுத்து. மூன்றாவது பக்கத்தில் 'சா'வுக்குக் கால் விட்டுப்போய்த் திருத்தினேன். குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். செ.யும் கார்மெண்ட்ஸுக்கு நேரமாகிறது என்றாள், ஆனால் பக்கம் பக்கமாக அவளே பிடித்துக்கொடுத்தாள். ஒன்பதாவது நேராக வந்தது.

அடுத்த வாரம் மனுவை எடுக்கிறார்களாம். நஷ்டஈடு கொடுக்கலாம், தள்ளியும் விடலாம். ஜட்ஜ் என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே இதில் எழுதுகிறேன். இந்த முறை என் பேச்சை நானே எழுதுவேன். மை தீர்ந்துகொண்டு வரு