சமபங்கு வைத்த கம்ப்யூட்டர்

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் மீனலோசினிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நெதர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று கோமதி அம்மன் சன்னதியில் அம்மா தினமும் கேட்கிறாள், நான் கூட நிற்பதோடு சரி. கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேனே என்று சிரிக்காதே. போனில் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடம் என் குரல் ஏறிவிடுகிறது, நீயும் “சரிப்பா, சாப்பிட்டீங்களா” என்று கேட்டு வைத்துவிடுகிறாய். அம்மாவின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், அடுத்த மாதம் ஆபரேஷன், பயப்பட ஒன்றும் இல்லை, ஆனாலும் நீ அவளிடம் நாலு வார்த்தை தைரியம் சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை தோறும் நீ கம்ப்யூட்டர் விளையாட்டில் லாரி ஓட்டுவதையும், ஓட்டும்போதுதான் மனதில் இருப்பதெல்லாம் பேச வருகிறது என்று நீ சொன்னதையும், அப்பாவும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு கூட வந்தால் பேசலாமே என்று சிரித்ததையும் அம்மா என்னிடம் சொன்னாள். நீ வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பாய், எனக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை. நீ இந்த ஊரிலிருந்து ரயில் ஏறி இரண்டு வருடம் ஆகிறது. நான் பார்த்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாயே என்ற கோபத்தில் அன்றைக்கு ஸ்டேஷனுக்கு வராமல் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. அதை இன்றுவரை உன்னிடம் சொன்னதில்லை.

அதனால் அறுபதாயிரம் எடுத்து வைத்தேன். எதை எதை வாங்க வேண்டும் என்று அம்மா கேட்டதற்கு நீ அனுப்பிய பட்டியலில் சாமான்களின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டேன், மற்றதைப் படிக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாகப் பத்திர ஆபீசில் உட்கார்ந்து ஊரார் சொத்தையெல்லாம் பிரித்து எழுதுகிறவனுக்கு இந்தப் பணத்தைப் பிரிக்கப் பிள்ளை சொல்லித் தர வேண்டுமா என்ற திமிர். ஏழு சாமான், ஏழுக்கும் சமமாகப் பிரித்தேன். பங்கு என்றால் சமம் என்பது என் கொள்கை, உன் பெரியப்பா கோமதிநாதன் நம் பூர்வீக வீட்டில் தெருவைப் பார்த்த முன்பகுதியைத் தனக்கு எழுதிக்கொண்டு எனக்குப் பின்கட்டைத் தள்ளிவிட்ட நாளிலிருந்தே. திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கினேன். எட்டாயிரத்துச் சொச்சத்துக்குப் பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே ஐந்து ஃபேன், கல்யாண மண்டபம் மாதிரி கலர் கலராக எரிந்தது. அதே தொகைக்குப் பவர் சப்ளை, அதை வைத்து நம் தெருத் தறி ஒன்றை ஓட்டிவிடலாம். அதே தொகைக்குக் கிராபிக்ஸ் கார்டு, அதை எடுத்துத் தரும்போது கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், அவரையும் மனதில் குறித்து வைத்தேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் லாரி ஓர் இடத்தில் நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்து வேறோர் இடத்தில் நிற்கிறது, நடுவில் போனதைக் காணோம். அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, “இது போட்டோ ஆல்பம்லா, இதுக்கா அறுபதாயிரம்” என்றாள். இந்த வகை மெஷினைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் ஊரில் ஒரே ஆள், உன் பெரியப்பா மகள் முத்துமீனாள், அவள் கடை இருப்பதும் அந்த முன்பகுதியில்தான். பதினோரு வருடமாக அந்தப் படி நான் ஏறியதில்லை. மூன்று நாள் யோசித்தேன். வருகிற சனிக்கிழமை நான் வருவேன் என்று அம்மா உன்னிடம் சொல்லிவிட்டாள், ஸ்டேஷனுக்கு வராத ஆள் இதற்கும் வரவில்லை என்று நீ நினைத்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவள் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “சித்தப்பா, இது கம்ப்யூட்டரா பாகப்பத்திரமா? ஏழு பேருக்கும் சமமா எழுதி வச்சிருக்கிய. விளையாடுத மெஷினுக்குப் பாதித் துட்ட படத்த ஓட்டுத கார்டுல போடணும். இந்தப் பெட்டி என்ன வேலையா பாக்குது, சும்மா நின்னு மினுக்குது” என்றாள். பிறகு உன் பட்டியலை வாங்கிப் படித்து, “எல்லாம் சரியாத்தான எழுதியிருக்கா, நீங்க படிக்கவே இல்லையா?” என்று கேட்டாள். கடைசி வரியை எனக்குக் கேட்கும்படி வாசித்தாள். மற்றதில் எதைக் குறைத்தாலும் அப்பாவுக்கு மைக் வைத்த நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிவிடுங்கள், அவர் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாயாம். நான் வாங்கின ஏழில் அது இல்லை. அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

அந்நேரம் உன் பெரியப்பா உள்ளேயிருந்து வந்தார். என்னைப் பார்த்தார், என் தலைக்கு மேலிருந்த ஃபேனைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் போட்ட காற்று என்று எழுந்து போகத்தான் தோன்றியது, எழவில்லை. அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நீயும் அம்மாவும் முடிவு கட்ட வேண்டாம். பின்கட்டு பின்கட்டுதான்.

முத்துமீனாள் அந்த மினுக்குப் பெட்டியையும் பவர் சப்ளையையும் வேறொருவருக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டாள், என் கார்டையும்தான். பதிலுக்கு ஒரு கறுப்புத் தகரப் பெட்டி, அளவான பவர் சப்ளை, ஒரு வருடம் ஓடிய நல்ல கார்டு, ஒரு ஹெட்போன். இப்போது லாரி ஓடுகிறது, மழை பெய்தால் கண்ணாடியில் நீர் வழிவதுகூடத் தெரிகிறது. ரிவர்ஸ் எடுக்கத்தான் இன்னும் வரவில்லை, இரண்டு சுவர்களை இடித்துவிட்டேன்.

உன் பட்டியலைப் படிக்காமல் விட்டது என் தப்பு, மீனா. அதற்கு முன்னால் நீ சொன்ன எத்தனையோ விஷயங்களையும் நான் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தவன்தான்.

ஹீட்டரைப் போட்டபடி தூங்காதே. அம்மாவுடைய ஆபரேஷன் இருபதாம் தேதி, மறக்காமல் முதல் நாளே பேசு. நீ நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும், நான் நினைத்ததாக இல்லாவிட்டாலும் நடக்க வேண்டும், இதுதான் என் ஆசீர்வாதம். சனிக்கிழமை உங்கள் ஊர் நேரம் மூன்று மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு இன்ஜினை அணைக்காமல் காத்திருப்பேன். எந்த ஊருக்குப் போகிறோம் என்று என்னிடம் கேட்காதே. நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன்.

உன்மீது என்றும் பிரியமுள்ள அப்பா,
சங்கரராமன்