‘கொ’ உடையாமல் வரவேண்டும்

வெள்ளவத்தைக்கு,

போன கிழமை கடைக்குள் கருகல் வாசனை வந்தது. பலகை வெட்டும் மெஷினின் பிட் சூடேறிப் பலகை எரிகிறதாக்கும் என்று ஓடிப்போய் மெஷினை நிறுத்தினேன். மெஷின் பாவம், அதில் ஒரு குறையுமில்லை. நீ ஆசையாகத் தேடி வாங்கிய கணினிதான் புகை விட்டுக்கொண்டிருந்தது. திருத்த வந்தவர் கையை விரித்துவிட்டார். புதுக் கணினி வாங்கலாம், ஆனால் நம்முடைய பழைய மென்பொருள் அதில் ஓடாது என்றும் சொன்னார். எனக்குப் பயம் பிடித்தது. மென்பொருள் தெரிவு செய்வது உன் வேலை. நான் ஒருநாளும் தனியாகச் செய்ததில்லை.

உன்னை இப்படி ஊர்ப் பெயரால் அழைப்பதைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் என்ன செய்ய? நம் இருவருக்கும் ஒரே பெயர். ரியூஷன் வகுப்பில் படிப்பிக்கும் சேர் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இருவரும் எழும்புவோம். பொறுக்க முடியாமல் அவர், கொழும்பில் நாம் இருந்த இடங்களை வைத்து, உன்னை வெள்ளவத்தை ஆக்கினார், என்னைக் கொட்டாஞ்சேனை ஆக்கினார். ஆளுக்கொரு கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, இருவருமாகப் பெயர்ப்பலகைக் கடை போட்ட பிறகும் அது மாறவில்லை.

மெஷின் வந்து இறங்கிய வாரம் நினைவிருக்கிறதா? கணினி காட்டும் வழியில் பலகையை வெட்டும் மெஷின் அது. அந்த வழியைப் போட்டுக்கொடுக்க ஒரு மென்பொருள் வேண்டும். எனக்கு ஒன்றின் மேல் கண். மயில், தாமரை, திராட்சைக் கொடி என்று கதவு முழுக்கப் புடைப்பாகச் செதுக்கலாம். சில நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கத் தந்திருந்தார்கள். நீ மயிலைத் திரும்பியும் பார்க்கவில்லை. "தமிழ் எழுதிப் பாப்பம்" என்று உட்கார்ந்து உன் பெயரைத் தட்டினாய். வெள்ளவத்தை அழகாக வந்தது. அடுத்து என் பெயர். ‘கொ’ மட்டும் உடைந்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ககரம் அநாதையாக நின்றது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உனக்குக் கோபம்.

"உன்ர பேரைப் பிய்ச்சுப் போட்டிருக்கு. பல்லைக் காட்டுறாய்."

விற்றவரிடம் நீ சிங்களத்தில் கதைத்தாய். எழுத்தைப் படமாக்கிப் போடச் சொன்னார். போட்டோம். வெட்டி வந்த பலகையில் வளைவெல்லாம் படிக்கட்டுப் போலவும், புள்ளிகள் சதுரமாகவும் இருந்தன. நீ விரலால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினாய்.

நமக்குக் கிடைத்த முதல் ஓடர், உன் வீட்டுக்குப் பக்கத்துச் சேலைக் கடையின் பலகை. அது பிழையாய்ப் போனால் அந்தத் தெருவில் வேறு ஓடர் கிடைக்காது. ஆனால் அந்தப் பெயரில் உடைகிற எழுத்தே இல்லை. அதைச் சொல்லி, "இதையே எடுப்பமடி" என்று கெஞ்சினேன்.

"பேர்ப்பலகைக் கடையில பேர் ஒழுங்கா வராட்டி, மயிலை வச்சு என்னடி செய்யிறது? முதல்ல பேர், பிறகு மயில். உன்ர பேர் உடைஞ்சு வாற ஒண்டை நான் எடுக்கவே மாட்டன்."

கடைசியில் நீ தேடி எடுத்தது ஒரு சாதுவான மென்பொருள். எழுத்தும் கட்டமும் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. ஆனால் கொட்டாஞ்சேனை முழுதாக வந்தது. நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. சேலைக் கடைப் பலகை ஏறியபின் அந்தத் தெருவில் பாதிக் கடைகள் நம்மிடம் வந்தன. இன்றும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் யன்னல் பக்கம்தான் இருப்பேன்.

நீ கண்ணை மூடியபோது நான் கடையை மூடிவிடுவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சில நாள் நானும் நினைத்தேன். என்னைத் தனியே விட்டுப் போனாய் என்று உன்மேல் அவ்வளவு கோபம் இருந்தது. இப்போது இல்லை.

இன்று காலை மென்பொருள் விற்கும் தம்பி மடிக்கணினியோடு வந்தார். அன்று நாம் விட்ட மயில் மென்பொருளின் புதுப் பதிப்பு. மயிலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். நான் மடிக்கணினியை என் பக்கம் இழுத்தேன். கை தானாகவே தட்டியது. முதலில் வெள்ளவத்தை. பிறகு கொட்டாஞ்சேனை. கொம்பும் காலும் அந்தந்த இடத்தில் ஒழுங்காக நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன மிஸ், கஸ்டமர்ட அட்ரஸா?" என்றார் தம்பி.

"இல்லை, ரெண்டும் பேர்."

அவருக்கு விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை. அதையே எடுத்துக்கொண்டேன். நாளைக்கு ஒரு வீட்டுக் கதவில் மயில் செதுக்கப் போகிறேன். பேர் வந்துவிட்டது, இனி நீ குறை சொல்ல ஏலாது.

இப்படிக்கு,
உடையாமல் இருக்கும்
கொட்டாஞ்சேனை