பதினாறு சுரமும் ஒரு மடிக்கணினியும்

உன் அம்மா துவாயில் சுற்றிக் கொடுத்த பெட்டியை இன்றுதான் பிரித்தேன். விறகடுப்புப் புகை வாசம் குப்பென்று வந்தது. கொழும்பு அறையில் அந்த வாசத்துக்கு இடமில்லை. பிரித்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பாட்டுப் பெட்டி அளவுகூட இல்லை. பதினாறு குமிழ்கள். ஒவ்வொன்றையும் திருகி ஒரு மின்னழுத்தத்தை வைத்துவிட்டால், எந்தச் சுரம் எப்போது என்று நம் சிந்தசைசர் வாத்தியத்துக்கு அதுவே சொல்லும். வைத்ததை மறக்காது. ஹட்டனில் போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, கழித்துப்போட்ட பார்ட்ஸை வைத்து அந்தச் சிந்தசைசரை வயர் வயராக நீயே கட்டினாய். நான் மிடி என்கிற கம்ப்யூட்டர் முறையின் கட்சி. கம்ப்யூட்டரில் சுரங்களை எழுதி, ஒரு கன்வெர்ட்டர் வழியாக அனுப்பினால் போதும் என்பேன்.

மஸ்கெலியாவில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், உங்கள் லயத்துக் காம்பராவில் ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை போட்டோம். ஒரே தாளத்தை இரண்டிலும் ஓடவிட்டோம். நீ தொடையில் தட்டிக்கொண்டே கேட்டாய்.

“ஒன் கம்ப்யூட்டரு யோசிச்சிட்டுச் சொல்லுதுடா. இது யோசிக்காம சொல்லுது.”

உண்மைதான். மிடியில் அடி மயிரிழை பிந்தியது. ஆனால் உன் பெட்டியில் பதினாறு சுரத்துக்கு மேல் அடங்காது. “முழுப் பாட்ட இதுல எப்படிடா வைப்ப?” என்றேன்.

பிளேன்டீ கொண்டுவந்த உன் அம்மா, “எனக்கு ரெண்டும் ஒரே சத்தமாத்தான் கேக்குது. இதுக்கா சண்ட?” என்றார்.

கடைசியில் தாளம் உன் பெட்டிக்கு, பாட்டு கம்ப்யூட்டருக்கு என்று முடிவாயிற்று. கொழும்பில் நமக்கு ஒரு மேடை கிடைத்திருந்தது. என் மடிக்கணினியை உன்னிடமே விட்டு வந்தேன். ஏழு பாட்டையும் நீ அதில்தான் முடித்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் அந்த மழை. நான்காம் நாள் மத்தியானம் லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு விட்டது. எல்லோரையும் ஸ்கூலுக்குப் போகச் சொன்னார்கள். நீ அம்மாவைக் கூட்டிப்போய் அங்கே உட்காரவைத்தாய். அப்போதுதான் நான் போன் செய்தேன். முதலில் அம்மாவைத்தான் விசாரித்தேன். இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டேன்.

“லேப்டாப் எடுத்துட்டியா?”

“இல்லடா. அவசரத்துல பெட்டிய மட்டுந்தான் அம்மா பையில போட்டேன்.”

“எல்லாப் பாட்டும் அதுலதான்டா இருக்கு. வேற காப்பி இல்ல.”



“சரி. அஞ்சு நிமிசம். ஓடிப்போய் எடுத்துட்டு வந்துர்றேன்.”

“பாத்துப் போ” என்றேன். போகாதே என்று சொல்லவில்லை.

சரிந்த மண்ணுக்குள்ளிருந்து உன்னை இரண்டு நாள் கழித்து எடுத்தார்கள். கணினி உன் சட்டைக்குள் இருந்ததாம், உடைந்து.

காரியம் முடிந்த அன்று அம்மா இந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தார். “அவனுக்கு யாரோ போன் பண்ணுனாங்க தம்பி. பேசிட்டுத்தான் ஓடுனான். யாருன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியலம்மா.”

“திட்டுறதுக்கு இல்லப்பா. கடைசியா என் புள்ள என்ன பேசுனான்னு கேக்கணும்.”

மாதம் தவறாமல் கூப்பிடுகிறார். சாப்பிட்டியா என்கிறார். சாப்பிட்டேம்மா என்கிறேன். நீ கடைசியாகப் பேசியது அத்தனையும், சொல்லுக்குச் சொல், என்னிடம் இருக்கிறது. அது அவருக்குச் சேர வேண்டியது. கொடுக்க எனக்குத் தைரியமில்லை.