பர்வீன், பித்தளை கலவைதான்

என் பர்வீன் கண்ணு,

நீ இருக்கிற இடத்துக்குச் சேதி வந்து சேருமோ சேராதோ, சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பாஸாகிவிட்டேன். பத்தாம் வகுப்பு, எல்லாப் பாடத்திலும். அறிவியலிலும்தான். வருகிற திங்கட்கிழமை தாமல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராகச் சேரப்போகிறேன். இனிமேல் அண்டா தூக்க வேண்டாம். என் முட்டி உனக்கு நன்றி சொல்லச் சொன்னது.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியின் சத்துணவுக்கூடத்தில் நான் சமையலர், நீ உதவியாளர். நான் திருப்புட்குழியில் நெல் போடுகிற வீட்டுப் பெண். நீ டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாஷா பாயின் மனைவி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். நம் அடுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு ஜன்னல்.

அந்த ஜன்னல் வழியாகத்தான் பாடம் வந்தது. ஒரே வகை அணுக்களால் ஆனது தனிமம் என்றார் டீச்சர். வெவ்வேறு தனிமங்கள் வேதிமுறையில் சேர்ந்து புதுப் பொருளானால் சேர்மம். தத்தம் குணம் மாறாமல் ஒன்றாகக் கிடந்தால் கலவை. நீ பருப்பு களைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

"அக்கா, நம்ம சாம்பார் சாதம் இன்னா?"

"இன்னான்னா? சாம்பார் சாதம்தான்."

"இல்லக்கா, கலவை. கவர்மென்டே கலவை சாதம்னுதானே பேரு வச்சிருக்குது."

அன்றிலிருந்து கூடத்தில் ஒரு சாமானை விட்டாயா நீ? எண்ணெய், பெருங்காயம், அடுப்புச் சாம்பல், எல்லாவற்றையும் கையில் எடுத்து ஜாதகம் கேட்டாய். உப்பு பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே, அப்போது தனிமம்தான் என்று நான் சாதித்தேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. மதியம் டீச்சருக்குத் தட்டு கொண்டுபோகிற சாக்கில் கேட்டுவிட்டு, கண் விரிய ஓடி வந்தாய்.

"உப்பு சேர்மமாம்க்கா. உள்ள ரெண்டு இருக்குதாம். சோடியம்னு ஒண்ணு, தண்ணியில போட்டா தீப்புடிச்சிக்குமாம். குளோரின்னு ஒண்ணு, விஷக் காத்தாம். ரெண்டும் சேந்தாதான் நாம சாப்பிட்ற உப்பாம். அப்ப பழைய குணமே இருக்காதாம்."

"கட்டிக்கினா குணம் மாறிடுமா? எங்க வீட்டுக்காரரு மாறலியே பர்வீனு."

அன்று நாம் சிரித்த சிரிப்பில் சோறு அடிப்பிடித்தது. ஞாபகம் இருக்கிறதா?

தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம் என்ற யோசனையும் உன்னுடையதுதான். பத்தாவது தேறினால் சமையலர் அமைப்பாளராகலாம் என்று விசாரித்து வந்தவளும் நீதான். ஒன்பதாவதில் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவள் நான். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கே நாக்கு வறண்டது. "எனக்கு எதுக்குடி இந்த வயசுல" என்றேன். நீ என் முட்டியைத் தொட்டுக் காட்டினாய். "இத்த வச்சிக்கினு இன்னும் எத்தினி வருஷம் அண்டா தூக்குவீங்க?" பாஷா பாயும் முகம் சுளித்தாராம். கடைக்கு வருகிறவர்கள் கேலி பண்ணுவார்கள் என்றாராம். நீ காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இரண்டு பேர் பேரையும் பதிந்தோம். பிள்ளைகள் சாப்பிட்டுப் போனதும், பாத்திரம் காயும் வரை படிப்பு. கணக்கில் நான் உன்னைவிடத் தேவலாம். அறிவியலில் நீ என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் இருந்தோம். ஆஸ்பத்திரிக்கு நான் கஞ்சி கொண்டுவந்தபோதுகூட நீ நோயைப் பற்றிப் பேசவில்லை. பாதியில் விட்டிருந்த சண்டையைத்தான் எடுத்தாய். பித்தளை சேர்மம் என்பது என் கட்சி. செம்பும் துத்தநாகமும் சேர்ந்து மஞ்சளாகிவிட்டதே, இனி யாரால் பிரிக்க முடியும் என்றேன். "இல்லக்கா, கலவைதான். வீட்டுக்கு வந்து புஸ்தகத்துல காட்றேன், பாருங்க" என்றாய். நீ வீட்டுக்கு வரவில்லை.

புத்தகங்களைத் துணியில் கட்டிப் பரண் மேல் போட்டேன். கூடத்தில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பாடம் கேட்டால் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன். தனித்தேர்வர்களுக்கான அறிவியல் செய்முறை வகுப்புக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது. போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன்.

வகுப்பு தொடங்குகிற நாள் காலையில் வாசலில் வண்டிச் சத்தம். பாஷா பாய். உன்னை அடக்கம் பண்ணின பிறகு அன்றுதான் அவரைப் பார்க்கிறேன். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"இன்னிக்கு கிளாஸு இருக்குதில்லக்கா?"

"நான் போவல பாய்."

வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "அவ எழுதணும்னு சொன்னப்ப நான் சரின்னு சொல்லல. இப்ப சொல்றதுக்கு அவ இல்ல. உங்ககிட்டதான் சொல்ல முடியும். போய் எழுதுங்கக்கா. வண்டியில ஏறுங்க."

நான் பரணிலிருந்து மூட்டையை இறக்கினேன்.

வகுப்பில் நிறைய பேர் சின்னப் பையன்கள், பெயிலாகித் திரும்ப எழுதுகிறவர்கள். நரைத்த தலை என்னுடையது ஒன்றுதான். சொல்லிக்கொடுத்த சார் இரும்புத்தூளையும் கந்தகப் பொடியையும் ஒரு காகிதத்தில் கலந்து, என் கையில் காந்தத்தைக் கொடுத்தார். கிட்டே கொண்டுபோனதும் இரும்பெல்லாம் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டது. மஞ்சள் கந்தகம் தனியாக நின்றது. இது கலவை. பிறகு அதே இரண்டையும் குழாயில் போட்டுச் சுட வைத்தார். உள்ளே கனன்று சிவந்து, ஆறினபோது கறுப்பாக ஒரு கட்டி. உடைத்துக் கொடுத்தார். காந்தத்தை எப்படிப் பிடித்தாலும் ஒட்டவில்லை.

"ஏம்மா ஒட்டல?" என்று கேட்டார்.

புத்தகத்து வார்த்தை ஒன்றும் வரவில்லை. "சார், இரும்பு இன்னும் உள்ளதான் இருக்குது. ஆனா இரும்பா இல்ல" என்றேன். பையன்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "சரிதாம்மா. அதையே புஸ்தகத்துல இருக்கிற மாதிரி எழுதப் பழகிக்கோங்க" என்றார். எத்தனை நாள் கழித்து என் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது தெரியுமா? அதை யாரிடம் போய்ச் சொல்வது?

வகுப்பு நடந்த நாளெல்லாம் பாஷா பாய் கடையைத் திறக்கும் முன் என்னைக் கொண்டுவிட்டார். 

பரீட்சையில் என்ன கேட்டார்கள் என்று நினைக்கிறாய்? தனிமம், சேர்மம், கலவை என்று பிரிக்கச் சொல்லி ஒரு கேள்வி. அதில் பித்தளையும் இருந்தது. பேனா அப்படியே நின்றது. பித்தளையில் செம்பு செம்பாகவே இருக்கிறதா, வேறொன்றாகிவிட்டதா? செம்பைக் கூட்டினால் நிறம் சிவக்கும், துத்தநாகத்தைக் கூட்டினால் வெளுக்கும் என்று நீ பெருமையாகச் சொல்வாய், உன் கடைச் சரக்காச்சே. இஷ்டப்படி கூட்டிக் குறைக்க முடிகிறதென்றால் அது எப்படிச் சேர்மம்? கலவை என்றே எழுதினேன். சர்க்கரையைத்தான் தப்பாக எழுதிவிட்டு வந்தேன். நீ திட்டியிருப்பாய்.

முடிவு வந்த அன்று இனிப்பு வாங்கிக்கொண்டு உங்கள் கடைக்குப் போனேன். பாஷா பாய் வாங்கி, பிரிக்காமலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. அப்புறம் கேட்டார்.

"நான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்க்கா. என்னை மாதிரி ஆளு எழுதலாமா?"

"கடைக்கு வர்றவங்க சிரிப்பாங்களே பாய்?"

"சிரிக்கட்டும்" என்றார்.

கேட்டாயா பர்வீனு?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தாமலில் வேலை முடித்ததும் டவுனுக்கு வந்து உங்கள் கடையில் உட்கார்ந்து அவருக்குக் கணக்குச் சொல்லித்தரப்போகிறேன். அறிவியலை இரண்டு பேருமாகத் தடவித் தடவிப் படித்துக்கொள்வோம். அவர் பெயிலானாலும் விடமாட்டேன், திரும்ப எழுத வைப்பேன். அவர் பாஸான அன்றைக்கு உனக்கு மறுபடி எழுதுகிறேன். அதுவரை கோபித்துக்கொள்ளாமல் இரு.

கூடப் பிறக்காமலே கிடைத்த
உன் அமுதா அக்கா