இந்திக்காரி வைத்த சொதி

என் அத்தானுக்கு, இப்போது எங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறீர்களோ அந்த இடத்துக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். நன்றாக இல்லை என்று எழுதினாலும் பொய்தான். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பால்காரன் வந்தால் பாத்திரத்தை நீட்டுகிறேன். நீங்கள் போன அன்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. துஷ்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். "அழுதுருங்கக்கா, அடக்கி வெக்காதீங்க" என்றாள் பக்கத்து குவார்ட்டர்ஸ் லலிதா. எதை அடக்கி வைத்திருக்கிறேன்? உள்ளே ஏதாவது இருந்தால்தானே அடக்க?

அவள்தான் இப்படி எழுதச் சொன்னாள். எழுதிக் கொடுத்தால் நம் காலனித் தமிழர்கள் போடும் பொங்கல் மலரில் போடுவார்களாம். போட்டால் போடட்டும். கோமதிக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் அரைப் பக்கத்துக்குமேல் பொறுமை கிடையாது. அதனால் உங்கள் மகள் படித்துவிடுவாள் என்ற பயம் இல்லாமல் எழுதுகிறேன்.

விமான நிலையத்துப் பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தீர்களாம். நீங்கள் கார் ஓட்டுகிற கெஸ்ட் ஹவுஸுக்கு வர வேண்டிய விருந்தாளியின் விமானம் தாமதமாம். நீங்கள் அசந்து தூங்குகிறீர்கள் என்று நினைத்துப் பக்கத்து வண்டிக்காரர் தன் ரேடியோ சத்தத்தைக் குறைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அந்த டிரைவர் பையாவுக்கு அழுகை பொங்கிவிட்டது. நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இன்னும் வேணுமா என்றுகூடக் கேட்டேன்.

இப்போது செய்தி என்னவென்றால், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அது சட்டம், யாரையும் குறை சொல்வதற்கில்லை. கோமதி தனக்கென்று முனிர்காவில் ஒரு ரூம் பார்த்துவிட்டாள். எனக்கு என் தம்பி முருகேசன் வெள்ளிக்கிழமை வண்டியில் டிக்கெட் எடுத்துவிட்டான். "அக்கா, சங்கரன்கோயிலுக்கே வந்திரு. மாடி ரூமை வெள்ளையடிச்சுப் போட்டிருக்கேன்" என்றான். சரி என்றேன். கோமதி, "உனக்கு ஓகேதானே அம்மா?" என்று கேட்டாள். அதற்கும் சரி என்றேன். பீரோவை லலிதா எடுத்துக்கொள்ளட்டுமா என்றார்கள், சரி. யார் எதைக் கேட்டாலும் வாயில் அது ஒன்றுதான் வருகிறது. இவ்வளவு வருஷம் இருந்த டெல்லியை விட்டு ஒரேயடியாகப் போகிறேன், வேண்டும் வேண்டாம் என்று ஒரு சொல் எனக்குள்ளே எழும்பவில்லை அத்தான். எனக்கு என்ன வேண்டும் என்று நீங்களாவது சொல்லக்கூடாதா?

ஒன்றே ஒன்று மட்டும் நானாகக் கேட்டேன். போவதற்கு முன்னால் அந்த டிரைவ்-இன் தியேட்டரைப் பார்க்கணும் என்று. கோமதி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அவளுக்கு என்ன தெரியும், அது உங்களுக்கு என்னவென்று! கெஸ்ட் ஹவுஸில் தங்குகிற பெரிய மனிதர்களை எத்தனை தியேட்டருக்கு ஓட்டிப் போயிருப்பீர்கள். எல்லாப் படமும் உங்களுக்குப் பார்க்கிங்கில்தான். படம் விட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல படம்தான் போல, எல்லாப் பொம்பளையும் மூக்கை உறிஞ்சுதா" என்று எனக்கு விமர்சனம் சொல்லுவீர்கள். அப்படியிருக்க ஒருநாள், யாரோ ஒரு அதிகாரி குடும்பத்தை ஹரியானா ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த, காரில் இருந்தபடியே படம் பார்க்கிற டிரைவ்-இன்னுக்குக் கூட்டிப் போனீர்கள். திரும்பி வந்த வேகம் இருக்கிறதே! செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டிரைவர் இல்லாம கார் உள்ள போவுமா வடிவு? அங்கன மட்டும் என்னைய வெளிய நிறுத்த முடியாதுல்லா!"

எப்படிச் சிரித்தீர்கள் அன்றைக்கு. காரின் முன்சக்கரம் ஏறி நிற்க மண்ணை மேடாகக் குவித்திருப்பார்களாம். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்குமாம். கம்பத்தில் தொங்குகிற ஸ்பீக்கர் பெட்டியை எடுத்துக் கார் ஜன்னலில் மாட்டிக்கொள்ள வேண்டுமாம், அதுவும் டிரைவர் பக்கத்து ஜன்னலில். "எனக்குத்தான் சத்தம் நல்லாக் கேட்டுச்சு, சாகிபுக்கு அரைகுறைதான்" என்றீர்கள். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடியே பார்த்தீர்களாம். எடுத்தால் மரியாதையாக இருக்காது என்று தோன்றியதாம். போங்க அத்தான், நிற்கிற வண்டிக்கு ஸ்டியரிங் எதற்கு?

பிறகு சாப்பிட்டுக்கொண்டே கதை சொன்னீர்கள். திருவிழாக் கூட்டத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்துபோகிறார்கள். அவன் ஊர் ஊராகத் தேடுகிறான். கடைசியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில், புறப்பட்டுவிட்ட ரயிலின் ஜன்னலில் அவள் முகம் தெரிகிறது. அவன் பிளாட்பாரத்தில் ஓடுகிறான். அந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்தீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை, "பொறவு?" என்றேன்.

"பொறவென்ன, அவ சங்கிலியப் புடிச்சு இழுத்துட்டா. வண்டி நின்னுட்டு."

"சும்மா இழுத்தா அபராதம் போடுவானே?"

"டி.டி.ஆர். கோவில்பட்டிக்காரரு. பாவம்னு விட்டுட்டாரு. அவ இறங்கி வந்து, அன்னைக்கே வீட்டுல சொதி வெச்சு, இஞ்சித் துவையல் அரைச்சு, ரெண்டு பேரும் உக்காந்து சாப்புடுதாவ. படம் முடிஞ்சுது."

"இந்திக்காரி சொதி வெப்பாளா அத்தான்?"

"ஏன், தேங்கா கிடைச்சா வெச்சுட்டுப் போறா!"

அதற்குப் பிறகு எத்தனை தடவை அந்தக் கதையைக் கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் சொதியில் ஒரு காய் கூடும். முருங்கைக்காய் வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, ஒரு தடவை கேரட்டே வந்தது. "ஒருநாள் நம்ம கார்ல உன்னையக் கூட்டிட்டுப் போவேன்" என்று முடிப்பீர்கள். ஸ்கூட்டரில் போனால் என்ன என்றால், அங்கே காருக்குத்தான் இடம் என்பீர்கள். காரும் வந்தது. கோமதி சம்பளத்தில் வாங்கிய பழைய வண்டியை நீங்கள்தான் நாலு இடத்தில் தட்டிப் பார்த்து விலை பேசி முடித்தீர்கள். குளிர் வருமுன்னே போயிருவோம் என்றீர்கள். நீங்கள் மட்டும் போய்விட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேபிள் வந்த புதிதில், ஒரு மத்தியானம் அந்தப் படத்தை டி.வி.யில் போட்டார்கள். நீங்கள் டியூட்டியில் இருந்தீர்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திருவிழா வந்ததுமே இதுதான் என்று தெரிந்துவிட்டது, கீரையைத் தள்ளிவைத்துக் கடைசிவரை பார்த்தேன். முடிவு நீங்கள் சொன்னது இல்லை. நீங்கள் வந்ததும் கேட்டுவிடணும் என்று இருந்தேன், வந்து கை கழுவி உட்கார்ந்ததும் கேட்கவில்லை. எனக்காகத்தான் மாற்றிச் சொல்லியிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. உண்மையான முடிவு என்னவென்று இந்தக் கடிதத்தின் கடைசியில் எழுதுகிறேன், இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது.

நாளைக்குக் கோமதி லீவு போட்டிருக்கிறாள். போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

மேலே இருப்பதெல்லாம் புதன்கிழமை எழுதியது. இன்று வெள்ளி. நேற்றுப் போனோம்.

நீங்கள் சொன்ன கடுகு வயல் ஒன்றுகூட இல்லை அத்தான். வழி முழுக்க அடுக்குமாடிக் கட்டடங்கள். தியேட்டர் கேட்டில் சங்கிலி போட்டிருந்தது. உள்ளே வரிசையாக லாரிகள் நின்றன. வாட்ச்மேன் கையை ஆட்டி, மூடி எத்தனையோ காலம் ஆயிற்று, இங்கே மால் வரப்போகிறது, போங்கள் என்றார். கோமதி இறங்கிப் போய், "பையா, அம்மா கோ தோடா திகானா ஹை, பஸ்" என்றாள், அம்மாவுக்குக் கொஞ்சம் காட்டணும், அவ்வளவுதான் என்று கெஞ்சினாள். கெஞ்சும்போது தலையைச் சாய்க்கிற சாய்ப்பு அப்படியே நீங்கள்தான். அவர் சங்கிலியை அவிழ்த்துவிட்டார்.

திரை நிற்கிறது. பெரிய சுவர், வெள்ளை போய்ச் சாம்பலாகி, அங்கங்கே பூச்சு பெயர்ந்து கிடக்கிறது. ஸ்பீக்கர் இல்லை, இரும்புக் கம்பங்கள் மட்டும் புல்லுக்குள் நிற்கின்றன. மண்மேடுகள் பாதி கரைந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்தன. "முன்சக்கரத்தை மேட்டுல ஏத்தி நிறுத்து" என்றேன். முதல் தடவை வண்டி உறுமிவிட்டு நின்றுபோயிற்று. நீங்கள் இருந்திருந்தால் "கிளட்ச், கிளட்ச்!" என்று கத்தியிருப்பீர்கள். அடுத்த தடவை ஏறி நின்றது. நீங்கள் சொன்னது சரிதான், மூக்கைத் தூக்கி நின்றதும் முன்கண்ணாடி முழுக்கத் திரை வந்துவிட்டது.

வெயில் தணிந்துகொண்டிருந்தது. நான் அந்த வெறும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இங்கேயாவது ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன் போல. ஒன்றும் வரவில்லை. லாரிமேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது, அதைப் பார்த்தேன்.

"அம்மா, அந்த மூவி ஸ்டோரி சொல்லு" என்றாள் கோமதி.

சொன்னேன். திருவிழா, பிரிவு, ஸ்டேஷன். அவன் ஓடுகிற இடத்துக்கு வந்ததும் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்லவா? உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க அப்பா. அப்பா எண்டிங் பாக்கவே இல்லம்மா. சாகிபோட பேபி அழ ஆரம்பிச்சிடுச்சாம். சலோ சலோன்னு கிளம்பச் சொல்லிட்டாங்களாம். ஸ்பீக்கரைக் கழட்டிக் கம்பத்துல மாட்டிட்டு ரிவர்ஸ் எடுத்தாங்களாம். அப்புறம் மிர்ரர்ல பாத்தா, சத்தமே இல்லாம அந்த ஆள் ஓடிட்டே இருக்கானாம். கேட் வர்ற வரைக்கும் மிர்ரர்லயே பாத்துட்டு வந்தாங்களாம்."

"உங்கிட்ட எப்ப சொன்னாவ?"

"டிரைவிங் சொல்லிக் குடுக்கறப்ப. மிர்ரரைப் பாரு, மிர்ரரைப் பாருன்னு திட்டிட்டே இருந்தாங்கல்ல, அப்ப." அண்ணாந்து மிர்ரரைப் பார்த்தாள். "அந்த டிரெயின் நின்னுச்சான்னு அப்பாவுக்குத் தெரியவே தெரியாதும்மா. உனக்குத் தெரியுமா?"

எனக்காக மாற்றினீர்கள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே அத்தான். இல்லை. ஒருத்தன் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறான், அவனை அப்படியே பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வர உங்களுக்கு மனசில்லை. அவ்வளவுதான். வண்டி ஓட்டிக்கொண்டே அவனுக்கு டி.டி.ஆரைப் பிடித்து, தேங்காய் வாங்கி, சொதி வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். என்ன மனுஷன் நீங்கள்!

"தெரியும். நான் டி.வி.யில பாத்தேன்லா" என்றேன். "நின்னுச்சு. அவ சங்கிலியப் புடிச்சு இழுத்தா."

"சொதி?"

"சொதியும்தான்."

கோமதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து ஸ்டியரிங்கில் தலையை வைத்தாள். ஹாரன் நீளமாக அலறியது, காக்கை பறந்தது, வாட்ச்மேன் ஓடிவந்தார். அவள் தலையை எடுக்கவில்லை, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு அப்போதும் கண்ணீர் வரவில்லை. ஆனால் பசித்தது அத்தான். வேளைக்கு எதையோ போட்டுக்கொண்டிருந்தேனே தவிர, இது வேண்டும் என்று வயிறு கேட்டது நேற்றுத்தான்.

வீட்டுக்கு வந்து முருகேசனுக்குப் போன் போட்டேன். "தம்பி, நான் வரலடே" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னதே எனக்குத் தெரிந்தது.

"என்னக்கா இது, நாளைக்கு வண்டி! டிக்கெட்டை என்ன செய்ய?"

"வண்டி போவட்டும்."

"அங்கன இருந்து என்ன செய்யப் போற?"

"சமைக்கப் போறேன்" என்றேன். அவன் கோபித்துக்கொண்டான், கோபம் ஆறிவிடும். முனிர்கா ரூமில் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம் என்கிறாள் கோமதி. படுக்க முடியாவிட்டால் உட்கார்ந்திருப்போம்.

கடைசியில் எழுதுகிறேன் என்று சொன்ன அந்த முடிவை எழுதப்போவதில்லை. நீங்கள் பார்க்காதது உங்களுக்கு எதற்கு? கோமதி கேட்டாலும், அவள் பிள்ளைகள் நாளைக்கு வந்து கேட்டாலும், ரயில் நின்றது என்றுதான் சொல்லுவேன். நாளைக் காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்த் தேங்காயும் முருங்கைக்காயும் பாசிப்பருப்பும் வாங்கிவந்து சொதி வைப்பேன், இஞ்சித் துவையலும் அரைப்பேன். கேரட் போட மாட்டேன், அது நீங்கள் விட்ட கதை. இது சத்தியம்.

சங்கிலியைப் பிடித்து இழுத்த,
உங்கள் மாமன் மகள்
வடிவு