ஒரு சுற்று குறைத்துக் கட்டிய குழாய்

1973 ஐப்பசி, செவ்வாய் இரவு

தோட்டத்து மேல் லயத்து வீட்டு வரிசைக்கு வரும் தண்ணீர்க் குழாய் இன்று மறுபடியும் அதே இடத்தில் வெடித்தது. இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் அங்கே சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். பதுளையிலிருந்து புதுக் குழாய் வரும்வரைக்கும் என்றார் தோட்டத்துத் துரை. ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அதனால் குழாயும் வரவில்லை.

உள்ளே முழுக்கத் துரு. பிள்ளைகள் அந்தச் செந்தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். இன்று கட்டாமல் விட்டால் லயத்துக்கே தண்ணீர் இல்லை. நன்றாகக் கட்டினால் துரை புதுக் குழாயை மறந்துவிடுவார். வெகுநேரம் யோசித்து, கம்பியை ஒரு சுற்று குறைத்துக் கட்டினேன். தண்ணீர் வந்தது, கொஞ்சம் ஒழுகவும் செய்தது. நாளைக் காலை துரை அந்த வழியாகத்தான் வருவார், பார்க்கட்டும் என்று விட்டேன்.

சாயங்காலம் பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த அந்த லயத்து முத்தம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க கட்டினது ஒழுகிச்சு. தொரை பாத்தா உங்களை ஏசுவாருன்னு பழைய சீலையக் கிழிச்சு இறுக்கிக் கட்டிட்டேன்."

போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை.

"நல்லதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

காலையில் துரை வருமுன் அதை அவிழ்க்க வேண்டும். முத்தம்மாவின் வாசலைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும்.